ஹல்டா மே மணலில் சிக்கிய நாள்

டென்னசி ஆற்றில் ஒரு தீவுக்குப் பின்பக்கமாக ஒரு குறுக்கு வழி உண்டு. உள்நாட்டுச் சண்டை மூளுவதற்கு முன்னால் மாவு மூட்டையும் பன்றியும் ஏற்றிக்கொண்டு, எனோஸின் நீராவிக் கப்பல் 'ஹல்டா மே' வாத்து மாதிரி அதில் மிதந்து போகும். அன்றைக்கும் கைப்பழக்கத்தில் அவர் சுக்கானை அந்தப் பக்கமே திருப்பிவிட்டார். கடற்படை அந்தக் கப்பலை எடுத்துக்கொண்ட பிறகு சுற்றிலும் இரும்புத் தகடும், உள்ளே ஆறு பீரங்கியும் ஏறியதில் அது ஒரு முழம் தாழ்ந்து ஓடுகிறது என்பது அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை.

அடிப்பாகம் மணலில் உரசியது. கப்பல் நின்றுவிட்டது. ஆற்றிலோ தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

கப்பலின் அதிகாரி லெப்டினென்ட் காஸ்வெல் கடலில் வளர்ந்த பிள்ளை. ஆற்று மணலை அதிகம் கண்டதில்லை.

"பொழுது சாயறதுக்குள்ள நகரலைன்னா கொளுத்திட வேண்டியதுதான். எதிரிக் குதிரைப்படை கரையில வந்துக்கிட்டிருக்கு, அவங்க கையில இது சிக்கக் கூடாது" என்றார். தார் பீப்பாய்களை மேல்தளத்துக்கு உருட்டி வந்தார்கள். எனோஸ் தன் தங்கையின் பெயரைச் சூட்டி, பலகை பலகையாகப் பார்த்துக் கட்டிய கப்பல்.

ஒரே ஒரு வழி இருந்தது. பின்புறச் சக்கரத்தை எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் தண்ணீர் கப்பலுக்கு அடியில் பாய்ந்து மணலை அரித்துவிடும். சரக்குக் கப்பல்காரர்கள் செய்கிற வேலைதான். ஆனால் கப்பல் அசைய அசைய நீராவியை விட்டுப் பிடிக்க வேண்டும். அதையெல்லாம் சுக்கான் அறையிலிருந்து கீழே இயந்திர அறைக்கு மணியடித்துச் சொல்ல முடியாது. போ, நில், பின்னால் வா, மணிக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கீழே இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவர் தங்கை புருஷன் ஃபினியாஸ். கப்பலில் பாதி அவருடையது. அவரைக் கேட்காமலே எனோஸ் கடற்படைக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததிலிருந்து, இருவருக்கும் நடுவே மணிதான் பேசிக்கொண்டிருந்தது. மேலே சுக்கான் பிடிப்பவர் இயந்திர அறைக்குள் கால் வைப்பதும் அந்த ஆற்றில் வழக்கமில்லை.

எனோஸ் ஏணியில் இறங்கினார்.

"அடேங்கப்பா" என்றார் ஃபினியாஸ், கரித்துணியால் கையைத் துடைத்தபடி. "மேல் உலகத்துச் சாமியே இறங்கி வந்திருக்கே. மணிக்கயிறு அறுந்துபோச்சா?"

"கப்பலைக் கொளுத்தப் போறாங்க மாப்ளே."

துணி நின்றது.

"பழைய கப்பல்னு நெனைச்சு ஓட்டிட்டேன். பாரம் ஏறினதை மறந்துட்டேன். சக்கரத்தைத் திருப்பி மணலை அரிக்கணும். நீ இல்லாம ஆகாது."

"கையெழுத்துப் போடறப்ப மட்டும் நான் இல்லாம ஆச்சோ?"

"தப்புதான்."

ஃபினியாஸ் அடுப்பருகே கிடந்த விறகைக் காலால் புரட்டினார். "விறகு ஈரமா கெடக்கு மச்சான். இதுக்கு நீராவி ஏறாது. அந்தத் தாரை இங்க அனுப்பச் சொல்லு."

எனோஸ் மேலே ஏறி லெப்டினென்டிடம் கேட்டார். "கப்பலைக் கொளுத்த வெச்சிருக்கிறதைக் கொதிகலனுக்குக் குடுங்க சார்."

காஸ்வெல் கரையைப் பார்த்தார். தூரத்தில் புழுதி கிளம்பியிருந்தது. "ஒரு பீப்பாய் எனக்கு வெச்சிட்டு மிச்சத்தை எடுத்துக்கங்க" என்றார்.

அடுப்பு சீறியது. ஏணிக்கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு இருவரும் மேலும் கீழும் கத்தினார்கள்.

"மெதுவா விடு, கப்பல் மூக்கு ஆடுது!"

"மெதுவா மெதுவான்னு ஹல்டாகிட்ட கல்யாணத்தன்னிக்கே சொல்லியிருக்கணும்!"

"என் தங்கச்சியை இழுக்காதே! இப்ப அமுக்கு!"

"அமுக்கறேன், உன் வாயை அமுக்கத்தான் வழி தெரியலை!"

பீரங்கிக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சக்கரத்தில் பலகைகள் உடைந்து தெறித்தன. தண்ணீர் மஞ்சளாகக் கொப்பளித்தது. பின்பக்கம் ஒரு குலுக்கல், இன்னொரு குலுக்கல். அப்புறம் கண்ணுகளா, ஹல்டா மே சோம்பல் முறித்து எழுந்தவள் போல மணலை விட்டு வழுக்கிப் பின்னால் வந்தாள்.

குதிரைப்படை கரையை எட்டியபோது அவர்களுடைய குண்டுகள் கப்பல் விட்டுச்சென்ற அலையில்தான் விழுந்தன. மிஞ்சிய பீப்பாயைக் காஸ்வெல் தானே கீழே உருட்டி அனுப்பினார்.

ஆழமான நடு ஆற்றுக்கு வந்ததும் இயந்திரத்தை உதவியாளிடம் விட்டுவிட்டு ஃபினியாஸ் சுக்கான் அறைக்கு ஏறி வந்தார். முகமெல்லாம் கரி.

"அந்த வளைவுல இடது பக்கமாப் போ மச்சான்."

"சுக்கான் பிடிக்கிறது நானா, நீயா?"

"பாதிக் கப்பல் சொல்லுது, போ."

எனோஸ் இடது பக்கமாகவே திருப்பினார்.