வளையம் மூடாத குடுவை

குடுவையைத் தலைகீழாகப் பிடித்தேன். ஒரு சொட்டுகூட விழவில்லை. அடியில் கறுப்பு ரப்பர்போல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு வருடமாக நான் கட்டிய நீள மூலக்கூறு முழுவதும் அதற்குள்தான் செத்துக் கிடந்தது.

ஒரு கையெழுத்துக்காக அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அதற்குள் ஆய்வகத் தலைவர் டாக்டர் பெர்தினி கடைசி வினையைத் தானே செய்துவிட்டார்.

ருத்தேனியத்தின் அணைவுச் சேர்மத்தைத் துளியளவு போட்டால் போதும். அது மூலக்கூறின் இரண்டு வால்களையும் பிடித்து இணைத்து வளையமாக மூடிவிடும். ஆனால் கரைப்பான் ஏராளமாக வேண்டும். நெருக்கி அடைத்தால் வால் தன் மறுவாலைத் தேடாது. பக்கத்தில் நிற்பதன் வாலைப் பிடித்துக்கொள்ளும். அது இன்னொன்றைப் பிடிக்கும். கடைசியில் ரப்பர்தான் மிஞ்சும்.

"நீ பாத்துக்கிட்டா நின்னே, குண்டா?" என்று ஃபப்ரிசியோவிடம் கத்தினேன். பக்கத்து மேசை அவனுடையது.

"கரைப்பான் பத்தாதுன்னு சொன்னேன், ஒல்லி. 'பெசோ மதிப்பு விழுற வேகத்துல ஒரு டின் கரைப்பானைக் கொட்டச் சொல்றியா'ன்னு கேட்டாரு. கையப் பிடிச்சு இழுக்கவா அவர?"

"இழுத்திருக்கணும்! அசாதோ விருந்துல சுட்ட கறி வெட்டுறப்ப மட்டும் எல்லாரையும் இடிச்சுத் தள்ளிட்டு முன்னாடி போறேல்ல?"

அவன் தலை குனிந்தான். கதவைத் தள்ளிக்கொண்டு பெர்தினி மாத்தே தேநீர்க் குவளையோடு வந்தார்.

"உன் மூலக்கூறுலதாம்மா கோளாறு. வால் குட்டை."

"வால் சரியாத்தான் இருக்கு, டாக்டர். நீங்க இடந்தான் குடுக்கல."

"நம்ம வேலையப் பாக்க சாவ் பாவ்லோ பேராசிரியை இப்ப வந்துடுவாங்க. அதப் பெரிய குடுவைக்கு மாத்து. நிறைய கரைப்பான் விட்டும் மூடலன்னு சொல்லிக்கலாம்."

நான் கையைக் கட்டிக்கொண்டேன். அவரே கரண்டியை விட்டுச் சுரண்டினார். கரண்டி வளைந்ததே தவிர ரப்பர் அசையவில்லை.

அந்தப் பேராசிரியை வந்து, எல்லா மேசைகளையும் பார்த்துவிட்டு என்னுடையதில் நின்றார்.

"வளையம் மூடலையா? எவ்வளவு கரைப்பான் விட்டீங்க?"

"நிறைய," என்றார் பெர்தினி. "பொண்ணு கைதான் கொஞ்சம் பிசகிடுச்சு."

என் காது சுட்டது. பேசினால் அழுதுவிடுவேன் என்று பயந்து, குடுவையை எடுத்துப் பேராசிரியையின் உள்ளங்கையில் வைத்தேன். அவர் விரல்களை மடக்கினார். குடுவை அந்தக் கைக்குள் மறைந்தே போயிற்று.

"இதுக்குள்ளயா நிறைய?"

பெர்தினி காலிக் குவளையை உறிஞ்சினார். உறிஞ்சுகுழாய் கொர்ரென்றது.

அவர்கள் போனபின் ஃபப்ரிசியோ சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் இரண்டு வருடத்தை யார் தருவார்கள்?

அடுத்த தடவை ஒரு சொட்டும் குறையக் கூடாதென்று, மூலையில் இருந்த கரைப்பான் டின்னை இழுத்துவந்து, சைக்கிள் சங்கிலியால் என் மேசைக் காலோடு சேர்த்துப் பூட்டினேன்.

"அவர் கேட்டா?" என்றான்.

"எங்கிட்ட வந்து கேக்கட்டும்."