எதிர் நாற்காலி

டிப்போவில் அவளுக்குப் பெயர் பஞ்சு. புறநகர் ரயில் ஓட்டும் பெண்களில் அவள்தான் மூத்தவள். அவள் வண்டியை நிறுத்தினால் நின்றுகொண்டே தேநீர் குடிப்பவரின் கோப்பைகூடத் தளும்பாது என்று சக ஓட்டுநர்கள் வைத்த பெயர் அது. நாளடைவில் கண்ட்ரோல் ரூமில் இருப்பவர்களே "பஞ்சு அக்கா வண்டி வருது" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

அப்படிப்பட்டவள் ஒரு காலை வேளையில் அவசர பிரேக்கைப் பிடித்து இழுக்க வேண்டி வந்தது. வளைவு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே ஒருவர் நின்றிருந்தார். சாம்பல் நிறச் சட்டை. அவள் ஹார்னை விடாமல் அழுத்தினாள். அவர் ஓடவில்லை. நிதானமாகத் திரும்பி, ஒரு கையைத் தூக்கி, உள்ளங்கையைக் காட்டினார். வண்டி அவர் நின்ற இடத்தைத் தாண்டிப் போய்த்தான் நின்றது.

வேகம் சரி, ஹார்ன் அடித்தது சரி, பிரேக் பிடித்தது சரி, ஓட்டுநர் மேல் தவறில்லை என்று விசாரணையில் முடிவானது. சில வாரம் விடுப்பும் கிடைத்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் குரலைத் தாழ்த்தி ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "குதிச்சிட்டாரா?" அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்தக் கையைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடவில்லை.

வீட்டில் கணவரும், பள்ளி இறுதி வகுப்பில் படிக்கும் மகளும். ஒருநாள் சாப்பிடும்போது மகளிடம் "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்று கேட்டாள். வாய் நிறையச் சாப்பாடு இருந்ததால் மகள் பேசவில்லை. பொறு என்பதுபோல் கையைத் தூக்கிக் காட்டினாள். பஞ்சுவின் கையிலிருந்து பாத்திரம் நழுவித் தரையில் உருண்டது. அவள் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

கணவர் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தார். "யாரையாவது போய்ப் பாக்கலாம்மா. இதுக்குன்னே படிச்சவங்க இருக்காங்க."

"எனக்கு என்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?"

"பைத்தியம்னு யாரு சொன்னா? பல்லு வலிச்சா டாக்டர்கிட்ட போறதில்லையா?"

"அங்க வாயைத் திறந்தா போதும்."

"இங்கயும் அதேதான்" என்றார் அவர்.

முதலில் பார்த்தது நிறுவனமே ஏற்பாடு செய்த ஆலோசகரை. நிர்வாகக் கட்டடத்தில், ரத்த அழுத்தம் பார்க்கும் அறைக்குப் பக்கத்து அறை. ஜன்னல் வழியாக டிப்போவின் வாசல் தெரிந்தது. போகிற வருகிறவர்கள் நிமிர்ந்து பார்த்தால் அவள் உட்கார்ந்திருப்பதும் தெரியும். தூக்கம் வருகிறதா, பசி எடுக்கிறதா என்று அவர் கேட்டுக்கொண்டே வந்தார். இடையில் அவள் ஒன்று கேட்டாள்.

"சார், நான் இங்க சொல்றது எங்க போகும்?"

அவர் நேர்மையான மனிதர். "முழுசா எங்கயும் போகாது. ஆனா நீங்க வண்டி ஓட்டலாமா வேணாமான்னு நான் மேல சொல்லணும்" என்றார்.

அதற்குப் பிறகு அவளுக்கு எல்லாமே நன்றாக இருந்தது. நன்றாகத் தூங்கினாள், நன்றாகச் சாப்பிட்டாள், கனவே வரவில்லை. அடுத்த வாரம் மறுபடி கேபினில் ஏறினாள்.

ஏறிய சில நாட்களிலேயே, அதே வளைவு தாண்டியதும் சாம்பல் நிறச் சட்டை தெரிந்தது. பிரேக்கை இழுத்தாள். பெட்டிகளுக்குள் ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். ஒரு பெரியவருக்கு உதடு கிழிந்தது. வண்டி நின்றபின் பார்த்தால், தண்டவாளத்தில் ஈ காக்கை இல்லை. கண்ட்ரோல் ரூமில் காரணம் கேட்டார்கள். நாய் குறுக்கே வந்தது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்த ஷிப்ட் முடிந்ததும் நேரே மேலாளர் முன்னால் போய் நின்றாள்.

"சார், என்னைக் கேபின்ல ஏத்தாதீங்க. இல்லாத ஆளு எனக்குத் தெரியறாரு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். எதுவும் கேட்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டார். அன்றிலிருந்து அவளுக்கு அறிவிப்புப் பிரிவில் வேலை. தாமதமாகும் வண்டிகளுக்காக ஒலிபெருக்கியில் வருத்தம் தெரிவிப்பது.

விஷயம் நாத்தனார் காதுக்குப் போனது. ஒரு காரியத்தைக் கையில் எடுத்தால் அதன் கழுத்தைத் திருகாமல் விடாத பெண்மணி அவள். "ஊர்லயே பேர்போனவரு. நான் சொன்னதாலதான் சீக்கிரம் நேரம் குடுத்திருக்காரு" என்று தானே கூட்டிக்கொண்டு போனாள். சுவர் முழுக்கச் சான்றிதழ்களும் கேடயங்களும். பேர்போனவர் அவளைப் பாதிவரைக்கும் பேசவிட்டார். பிறகு கையைக் கோத்துக்கொண்டு, "அது அவரோட முடிவும்மா. நீங்க வெறும் கருவி. இதை ஏத்துக்கிட்டீங்கன்னா பாதி பாரம் இறங்கிடும்" என்றார். கண்ணை மூடிக் கடலை நினைக்கச் சொன்னார்.

அவள் கடலை நினைத்தாள். கடலுக்கு நடுவே தண்டவாளம் போனது. ஆனால் கண்ணைத் திறந்ததும் "நல்லா இருக்கு சார்" என்றாள். அடுத்த முறையும் அப்படியே சொன்னாள். அவர் முகம் மலர்வதைப் பார்த்தால் வேறு மாதிரி சொல்ல மனம் வரவில்லை. அதற்கடுத்த முறை வீட்டிலிருந்து கிளம்பும்போதே, இன்று அவருக்கு என்ன நல்ல செய்தி சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டு படியிறங்குவதை உணர்ந்தாள். பாதிப் படியில் நின்று, வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். நாத்தனார் கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்தவரை மகள் தேடிப்பிடித்தாள். இளம்பெண், இதமான பேச்சு, குறுக்கே பேசாமல் கேட்டாள். பஞ்சு, ரயில் பெட்டிகள் நின்றதை, கீழே இறங்கிப் பின்னோக்கி நடந்ததை, சரளைக்கல்லில் கிடந்த செருப்பைச் சொல்லிக்கொண்டே வந்தாள். நிமிர்ந்தால், அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள். கண் கலங்கியதோடு நிற்கவில்லை, தோள் குலுங்கியது. மேசையில் தனக்காக வைத்திருந்த காகிதக் கைக்குட்டைப் பெட்டியைப் பஞ்சுவே அந்தப் பக்கம் நகர்த்தினாள். "விடும்மா, ஒண்ணுமில்ல" என்று தேற்றிவிட்டு வெளியே வந்தாள்.

வீட்டில் இதைச் சொன்னபோது கணவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அப்ப நீதான் வைத்தியம் பாத்துட்டு வந்தியா?" அவளும் சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு அது, வந்தது நிற்கவில்லை. எந்த இடத்தில் அது அழுகையானது என்று இருவருக்குமே தெரியவில்லை.

"போதும்ங்க. எனக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது" என்றாள்.

கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துபவர் அவர். "கடைக்கு வர்றவங்க மொதல் லென்ஸ்ல எழுத்து தெரியலைன்னா கண்ணே போச்சுன்னு எழுந்தா போறாங்க?"

"எல்லாத்தையும் உங்க கடைக்கே இழுத்துட்டுப் போங்க."

மறுநாள் அந்த இளம்பெண்ணே போன் செய்தாள். குரலில் தயக்கம் இருந்தாலும் விஷயத்தை மென்று விழுங்கவில்லை. "நேத்து நான் நடந்துக்கிட்டது சரியில்லைங்க. எங்க வீட்டுலயும் இப்படி ஒண்ணு நடந்திருக்கு. உங்க பாரத்தை வாங்கிக்கிற நிலைமையில நான் இல்ல. அது உங்க குத்தம் இல்ல, உங்களுக்கு இது சரிப்படாதுன்னும் அர்த்தம் இல்ல. விபத்துல மாட்டினவங்களையே பாக்கறவர் ஒருத்தர் இருக்கார். அவர்கிட்ட மொதல்ல போன்ல பேசிப் பாருங்க. என்ன கேக்கணுமோ கேளுங்க. பிடிச்சா மட்டும் போங்க."

கேள்வி கேட்கலாம் என்று அதுவரை யாரும் அவளிடம் சொன்னதில்லை.

பூட்டு பழுது பார்க்கும் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அவர் அறை. காதில் கேட்கும் கருவி மாட்டியவர். போனிலேயே அவள் கேட்டாள்: "நான் சொல்றதை யாருக்குச் சொல்லுவீங்க?"

"யாருக்கும் சொல்ல மாட்டேன். உங்க உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும் சொல்லணும். அப்பவும் முடிஞ்சவரைக்கும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான்."

"ரயில் ஓட்டறவங்களைப் பாத்திருக்கீங்களா?"

"லாரிக்காரங்களைப் பாத்திருக்கேன். கிரேன் ஓட்டறவர் ஒருத்தர் வந்தாரு. ரயில் இல்ல. எனக்குப் புரியாத இடத்துல உங்களைக் கேப்பேன்."

"எப்ப சரியாகும்?"

"தெரியாதும்மா. சிலமுறை வாங்க. சரிப்படலைன்னா சொல்லுங்க, நான் கோச்சுக்க மாட்டேன்."

கோபித்துக்கொள்கிறாரா என்று பார்க்கத்தான் இரண்டாம் முறையிலேயே அவள் சொன்னாள்: "சரிப்படலை சார்."

"எது?"

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் யோசித்தாள். "நான் பேச்சை ஆரம்பிக்கவே பாதி நேரம் ஆகுது. ஆரம்பிக்கறப்ப நேரமாச்சுங்கறீங்க. வீட்டுக்குப் போற வழியெல்லாம் அது தொண்டையிலயே நிக்குது."

"அது கஷ்டம்தான்" என்றார் அவர். "அடுத்த தடவை வந்ததும் அதுலேருந்தே ஆரம்பிப்போம். முடிக்கறதுக்கு முன்னாடி கொஞ்சநேரம் சும்மா உக்காரலாம்."

அவர் முகம் வாடவில்லை. சமாதானமும் சொல்லவில்லை. அன்று படியிறங்கும்போது, அடுத்த முறை என்ன நல்ல செய்தி கொண்டுவருவது என்ற யோசனை அவளுக்கு எழவில்லை.

அடுத்த முறை உட்கார்ந்ததுமே சொன்னாள்.

"அவர் குதிக்கலை சார். கையைத் தூக்கினார். கொஞ்சம் பொறுன்னு சொல்றமாதிரி. என்கிட்டதான் கேட்டார். நான் பொறுக்கலை."

'அவரோட முடிவு', 'வெறும் கருவி' என்றெல்லாம் இவர் சொல்லவில்லை. கீழே கடையில் யாரோ சாவியை அரம் போட்டு ராவும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகக் கேட்டார்:

"பதில் சொல்ல உங்களுக்கு நேரம் இருந்திருந்தா, என்ன சொல்லியிருப்பீங்க?"

அவள் அவரைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துப் பேசினாள். "ஐயா, என் பின்னால இத்தனை பெட்டி இருக்கு. இந்த வண்டி நிக்கறதுக்கு ரொம்ப தூரம் வேணும். என்னால முடிஞ்சதெல்லாம் பண்ணிட்டேன். பொறுக்க முடிஞ்சா பொறுத்திருப்பேன் ஐயா. ஒதுங்கிக்கங்க." கடைசிச் சொல் வெளியே வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

அவர் அழவில்லை. ஆனால் அவரும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார் என்று அவளுக்குத் தெரிந்தது. சொன்னபடியே கடைசியில் கொஞ்சநேரம் இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

அதோடு எல்லாம் தீர்ந்துவிடவில்லை. அதற்குப் பிறகும் மோசமான வாரங்கள் வந்தன. வீட்டில் காரணமில்லாமல் எரிந்து விழுந்தாள். இனி போகமாட்டேன் என்று ஒருமுறை சண்டை போட்டாள், பிறகு போனாள். மழைக்காலம் போய் வெயில் வந்தபோது, உடன் ஒரு ஓட்டுநரை வைத்துக்கொண்டு வேறொரு தடத்தில் ஓட்டிப் பார்த்தாள். இப்போது தனியாக ஓட்டுகிறாள். அந்த வளைவுள்ள தடம் வேண்டாம் என்று மேலாளரிடம் சொல்லியிருக்கிறாள். அதைச் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இல்லை.

இந்த வருடம் அவள் வயதொத்த ஆண் ஓட்டுநர் ஒருவருக்கு அதே மாதிரி நேர்ந்தது. அவர் தேநீர் அறையில் அவளைத் தனியாகப் பிடித்து, "உனக்குப் பாத்தவர் நம்பர் குடேன்" என்றார். கொடுத்தாள். தனியே போகத் தயங்கினார். அவளும் கூடப் போனாள். பூட்டுக்கடைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தாள்.

அவர் இறங்கி வந்து சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். அவள் மனம் நோகுமோ என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

"நல்ல மனுஷன்தான். ஆனா ஆம்பளைகிட்ட எனக்குப் பேச வரமாட்டேங்குது. வேற யாராவது இருக்காங்களா?"

"இருப்பாங்க. தேடலாம்" என்று சொல்லி அவள் எழுந்தாள்.