முட்டையிட்ட படகு

"அம்மா, படகு ஏன் முட்டை போடுது?"

ஏழு வயதுக் குட்டி இப்படிக் கேட்டது ஒரு செவ்வாய்க்கிழமை. பள்ளி விடுமுறை என்பதால் அம்மாவோடு அலுவலகத்துக்கு வந்து, இன்னும் முடியாத கணினி விளையாட்டை ஆடிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா எட்டிப் பார்த்தாள். ஏரியின் நடுவே சிவப்புப் படகு ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. பின்னால் வரிசையாக ஐந்து வெள்ளை முட்டைகள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆறாவதும் விழுந்தது.

மூன்று மேஜை, ஒரு கெட்டில், ஒரு கதவைச் சாத்தினால் மறு கதவு திறந்துகொள்ளும் அலமாரி. அவ்வளவுதான் அந்த அலுவலகம். விளையாட்டுக்கு நிரல் எழுதுவது அம்மா. படம் வரைவது பக்கத்து மேஜைத் தம்பி. அவனைத் தூரிகை என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். மூன்றாவது மேஜை முதலாளியுடையது. நல்ல மனிதர்தான். ஆனால் போன வாரம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "வெள்ளிக்கிழமை நூலகத்துப் பிள்ளைங்ககிட்ட காட்டணும். இன்னொரு தடவை நீ எழுதற புரோகிராம்ல தப்பு வந்தா, மிச்ச வேலையை வெளியில குடுத்துடுவேன்மா."

குட்டியின் சிரிப்பைக் கேட்டு அவரே எழுந்து வந்துவிட்டார்.

"இது என்ன கூத்து?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் தூரிகை எழுந்து நின்றான்.

"முட்டைப் படத்தை நான்தான் இடம் மாத்தி வெச்சுட்டேன் சார்."

"உனக்கு அந்தப் பறக்கிற விளக்கு மேலதான் கண்ணு! அதை மூட்டை கட்டிட்டு முதல்ல இதைச் சரி பண்ணு."

தும்பி இறகு வைத்த குட்டி விளக்கு அது. மூன்று வாரம் உட்கார்ந்து வரைந்திருந்தான். 'விளக்கோட சேர்க்கறதா, பறவையோட சேர்க்கறதான்னு தெரியலையே தம்பி' என்று அம்மாதான் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். இப்போது அதுவும் போயிற்று. ஒருவருக்கு விழ வேண்டிய திட்டை இன்னொருவர் வாங்கிக்கொள்வதும் ஒரு பிரார்த்தனைதான் என்பது என் நம்பிக்கை.

முதலாளி நகர்ந்ததும் அம்மா கிசுகிசுத்தாள். "ஏன் தம்பி அப்படிச் சொன்னீங்க?"

"எனக்குத் திட்டு வாங்கிப் பழக்கம்க்கா. தவிர, அந்த ஆறாவது முட்டை ரொம்ப அழகா விழுந்துச்சு."

குட்டி விடவில்லை. "படகோட அம்மா வாத்தா?"

உண்மையில் அப்படித்தான். விளையாட்டில் வரும் ஒவ்வொன்றுக்கும் நிரலில் ஒரு வகுப்பு, அதாவது அது என்னென்ன செய்யும் என்ற பட்டியல், எழுத வேண்டும். ஒரு வகுப்பை இன்னொன்றுக்குப் பிள்ளையாக எழுதினால், தாயின் குணமெல்லாம் பிள்ளைக்கு வந்துவிடும். வாத்து ஏற்கெனவே நன்றாக மிதந்துகொண்டிருந்தது. படகும் மிதக்கத்தானே வேண்டும் என்று, அவசரத்தில் படகை வாத்துக்குப் பிள்ளையாக்கிவிட்டாள் அம்மா. மிதப்போடு முட்டையும் சேர்ந்து வந்துவிட்டது.

'முட்டையிடாதே' என்று படகுக்கு மட்டும் தனியாக எழுதிப் பார்த்தாள். முட்டை நின்றது. ஆனால் கரை தட்டியதும் படகு இறங்கி, இடுப்பை ஆட்டி ஆட்டி நடந்து, 'குவாக்' என்றது. அந்த அலமாரிக் கதவு மாதிரிதான். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

குட்டி அம்மாவின் கண்ணாடியைக் கழற்றித் தான் மாட்டிக்கொண்டாள். "எனக்கு உன் மூக்குதான்னு எல்லாரும் சொல்றாங்க. அப்ப கண்ணாடி மட்டும் ஏன் வரல?"

"கண்ணாடி பொறக்கும்போதே வராதுடி. வேணும்கிறவங்க மாட்டிக்கணும்."

சொன்ன அம்மா அப்படியே நின்றாள். பிறகு மகளை இழுத்து உச்சியில் முத்தம் கொடுத்தாள். "மிதக்கறதையும் மாட்டிவிடலாமேடி!"

இரண்டு நாள் எழுதினாள். எதுவானாலும் அதற்கு ஓர் இடமும் ஒரு படமும் வேண்டும். அதை மட்டும் மூக்கு மாதிரி எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு தாய் வகுப்பிலிருந்து வரட்டும் என்று விட்டாள். மிதப்பது, நடப்பது, கத்துவது, முட்டையிடுவது, ஒளிர்வது, பறப்பது எல்லாம் தனித்தனித் துண்டுகளாயின. வாத்துக்கு நான்கு துண்டு மாட்டினாள். படகுக்கு மிதப்பது ஒன்றே ஒன்று. வியாழன் மாலை படகு சமர்த்தாக ஏரியைக் கடந்து கரையில் நின்றது.

"முட்டை நல்லா இருந்துச்சு" என்று குட்டி மட்டும் குறைப்பட்டாள்.

முதலாளி பார்த்தார். "பரவாயில்லையே, படத்தைச் சரி பண்ணிட்டான்."

தூரிகை அப்போது வீட்டுக்குப் போயிருந்தான். சும்மா இருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் அம்மாவால் சும்மா இருக்க முடியவில்லை.

"தப்பு படத்துல இல்ல சார். படகை வாத்துக்குப் பொறந்ததா எழுதினவ நான். முந்தாநேத்து அது கரையேறி நடந்து குவாக்னுச்சு."

"குவாக்னுச்சா?" என்றார் முதலாளி. அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். "வெளியில குடுத்தா இந்தச் சிரிப்பு எனக்குக் கிடைக்குமா? நீயே முடிம்மா."

"அந்த விளக்கு சார்..."

"அது என்ன பாவம் பண்ணுச்சு? காலைக்குள்ள முடிஞ்சா போடு. முன்னாடியே சொல்லி அவனுக்கு ஆசை காட்டிடாதே."

வெள்ளிக்கிழமை அம்மா ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து கதவைத் திறந்தாள். அறையில் யாருமில்லை. மூட்டை கட்டிய படத்தைத் தேடி எடுத்தாள். அதற்கு ஒளிர்வதை மாட்டினாள், பறப்பதை மாட்டினாள். மூன்றே வரி. ஏரிக்கு மேலே விளக்கு இறகடித்து எழுந்தது. சிவப்புப் படகின் மேல் மஞ்சள் வெளிச்சம் விழுந்தது. கடவுளுக்கு ஒரு நன்றியைச் சொல்லிக்கொண்டு, ஒருமுறை கண்ணாரப் பார்த்தாள்.

படியில் தூரிகையின் செருப்புச் சத்தம் கேட்டது. விளையாட்டை முதல் பக்கத்துக்குத் திருப்பி திரையை அவன் நாற்காலிக்கு நேராக வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போலக் கெட்டிலில் தண்ணீர் பிடிக்கப் போனாள்.