திருமூர்த்தி துண்டு போட்ட இடம்

சுலோச்சனாவின் வீட்டுக்காரர் திருமூர்த்தி கடலை வாங்கப் போயிருக்கிறார். போனது தை மாதத்தில். இப்போது ஆடிக்காற்று அடிக்கிறது. வேறொன்றுமில்லை, வரிசை கொஞ்சம் நீளம்.

அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. கடலை வண்டி ஒரே இடத்தில் நின்றால் போலீஸ் விரட்டும். அதனால் வண்டிக்காரர் தள்ளிக்கொண்டே வறுக்கிறார். வாங்க வந்தவர்கள் நடந்துகொண்டே நிற்கிறார்கள். பூங்கா வாசலில் தொடங்கிய வரிசை மணிக்கூண்டைத் தாண்டி, பாலத்தில் ஏறி இறங்கி, சித்திரையில் பொள்ளாச்சியைப் பிடித்துவிட்டது.

போகும்போது திருமூர்த்தி, பஸ்ஸில் இடம் பிடிக்கிற மாதிரி, பூங்கா பெஞ்சில் அவள் பக்கத்தில் தன் துண்டைப் போட்டுவிட்டுப் போனார். "இதா வந்தர்றேன் அம்மிணி, எடத்தப் பாத்துக்க" என்றார். அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஒரு பொட்டலம் கடலைக்கா இந்தப் பாடு என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்பவர்களுக்கு என்ன, வாயா வலிக்கிறது? கல்யாணமாகி முப்பது வருஷத்தில் இருவரும் ஒட்டி உட்கார்ந்தது மணவறையில் மட்டும்தான். அப்புறம் அவருக்கு மில்லில் ராத்திரி ஷிப்ட், அவளுக்குப் பகலெல்லாம் தையல். அத்தி பூத்தாற்போல் சினிமாவுக்குப் போனாலும் நாத்தனார் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்வாள். தையில்தான் முதல்முறையாக, யாரிடமும் சொல்லாமல், இரண்டு பேர் மட்டும் பூங்காவுக்கு வந்தார்கள். அவர் பக்கத்தில் உட்கார வேண்டும், தோளோடு தோள் பட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு ஆசை. பேசக்கூட வேண்டாம்.

நகரின் நடுமத்தியில் இருக்கிற பூங்கா அது. ஞாயிற்றுக்கிழமை எள் போட்டால் எள் விழாது. ஆளுயரச் சிற்பங்களாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தரையிலிருந்து முளைத்த இரும்புக் கை ஒன்று. நீலக் குதிரை ஒன்று, அது மத்தியானம் சாப்பிடப் போய்விடும். பெஞ்சுக்கு நேர் எதிரே எவர்சில்வர் உருண்டை. அதில் பொள்ளாச்சிக்கு அந்தப் பக்கம் வரைக்கும் வரிசை தெரியும்.

சுலோச்சனா அதைப் பார்த்தபடியே இருப்பாள். திருமூர்த்தியின் முதுகு தெரியும். சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கிக் கிடக்கும். அதை எடுத்துவிடக் கை பரபரக்கும். அவர் திரும்பவே மாட்டார். கடலை வாங்குகிற வரிசையில் பின்னால் திரும்பினால் இடம் போய்விடும்.

போன் மட்டும் பண்ணுவாள்.

"எங்கீங்க இருக்கீங்க?"

"பொள்ளாச்சி தாண்டியாச்சு அம்மிணி. காத்து ஜிலுஜிலுன்னு வருது. முன்னால கொஞ்சம் பேருதான்."

"சாப்டீங்களா?"

"வரிசையிலயே பந்தி போட்டாங்க. எடம் இருக்குதில்ல?"

"இருக்குதுங்க."

இருக்கத்தான் செய்தது. "ஆள் வருதுங்களா?" என்று கேட்பவர்களிடம் "வருதுங்க" என்பாள். துண்டு போட்ட இடத்தில் உட்கார நம் ஊரில் யாருக்கும் மனசு வராது. காற்றுக்குத்தான் அந்த மரியாதை தெரியவில்லை. துண்டை அள்ளி அள்ளிப் பார்த்தது. அவள் பகலெல்லாம் அதன்மேல் கையை வைத்துக்கொண்டிருந்தாள். கை மரத்துப்போனது. எடுக்கவில்லை, பாவி.

அப்போதுதான் பூங்காவின் சிற்ப அதிகாரி மெஹருன்னிசா வந்தார். துண்டைக் காட்டிக் கேட்டார்.

"இத யாரு வெச்சது?"

"எங்கூட்டுக்காரருங்க."

"எப்பலேர்ந்து இருக்கு?"

"தையிலருந்துங்க."

"அப்ப சிற்பம்தான்."

"நானுங்க?"

"நீங்க சிற்பத்துல வர்றீங்களா?"

"இல்லீங்க, சும்மா உக்காந்திருக்கறேன்."

"அப்படியே இருங்க. கயிறு கட்டிடறோம்."

சுலோச்சனா பதறவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "எடம் பத்திரமா இருக்குமுங்களா?"

"இனிமே யாருமே உட்கார முடியாது."

"நெம்ப சந்தோசமுங்க" என்று கும்பிட்டாள். அவளைச் சொல்லி என்ன, நல்ல மனசு இப்படித்தான் தன் கண்ணைத் தானே குத்திக்கொள்ளும்.

பித்தளைக் கம்பங்கள் நட்டு, சிவப்புக் கயிறு கட்டி, பலகை வைத்தார்கள். "தலைப்பு: இடம். பொருள்: பருத்தித் துண்டு. சிற்பி: திருமூர்த்தி." ஜனம் சேர ஆரம்பித்தது. குதிரையைச் சீந்த ஆளில்லை. துண்டைப் பார்க்க ஒரு வரிசை உண்டாகி, அதுவும் வாசலைத் தாண்டிப் போனது. ஒரு பெரியவர் துண்டைப் பார்த்ததும் குலுங்கிக் குலுங்கி அழுதார். "எங்கம்மாளும் எடம் போட்டுட்டுத்தானுங்க போனா" என்றார்.

ஐப்பசியில், மழை விட்ட ஒரு சாயங்காலம், திருமூர்த்தி வந்தேவிட்டார்.

தலை நரைத்திருந்தது. கையில் பொட்டலம், ஆவி பறந்தது. அவளைப் பார்த்துச் சிரித்தார். அடடா, அந்தச் சிரிப்பு! அவர் கயிற்றைத் தூக்கி உள்ளே காலை வைத்தார். வாட்ச்மேன் மாசிலாமணி விசில் ஊதினார்.

"ஏனுங்க, என்ன பண்றீங்க?"

"உக்காரப் போறனுங்க. துண்டு என்னுது."

"எல்லாருமே அப்படித்தானுங்க சொல்றாங்க."

சுலோச்சனா எழுந்தே விட்டாள். "இவருதாங்க அவரு! பலகையில பேரு போட்டிருக்குது பாருங்க!"

மாசிலாமணி பலகையைப் படித்தார். திருமூர்த்தியை ஏற இறங்கப் பார்த்தார். "சிற்பியா இருந்தாலும் வரிசையில வந்துதானுங்க பாக்கோணும்" என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்.

திருமூர்த்தி ஆயுசில் ஒரு வரிசையிலும் முந்தினவரில்லை. காலை வெளியே எடுத்தார். பொட்டலத்தைக் கயிற்றுக்கு மேலாக நீட்டினார். வாங்கும்போது விரல் பட்டது. அவள் விரலை எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை. மாசிலாமணி மறுபடி ஊதினார்.

"சூடு ஆறறதுக்குள்ள தின்னு அம்மிணி."

"நீங்க?"

"இதா, வந்தர்றேன்."

துண்டு பார்க்கிற வரிசையின் கடைசிக்குப் போனார். கடைசி அவிநாசிப் பக்கம் இருந்தது.

சுலோச்சனா உருண்டையைப் பார்த்தாள். இந்த வரிசை அவளைப் பார்த்து நிற்கிற வரிசை. அவர் முகம் தெரிந்தது, கடுகளவு. அவர் கையை ஆட்டினார்.

கயிற்றுக்கு முன்னால் ஒரு இளம் ஜோடி நின்றிருந்தது. பையன் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தான், முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தான்.

"உங்களக் கும்பிடறேன் சாமி, கொஞ்சம் சீக்கிரமாப் பாத்துட்டுப் போங்க" என்றாள் சுலோச்சனா.

"இருங்கக்கா, என்ன அவசரம்? ஆற அமரப் பாத்துட்டுப் போறோம்" என்றாள் அந்தப் பெண், அவன் தோளில் நன்றாகச் சாய்ந்துகொண்டு.