ராஜாவின் ஹார்ட் டிஸ்க்

தேஹு ரோடு ஸ்டேஷனுக்கு வெளியே ஷேர் ஆட்டோக்கள் நிற்கும் இடத்துக்கு எதிரே கலியனின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை இருந்தது. ஒரு பாதியில் அவன் லேப்டாப்புகளைப் பிரித்துப் போட்டிருப்பான். மறு பாதியில் அவன் நண்பன் இர்பான் மொபைல் ரிப்பேர் பார்ப்பான். இருவரின் அப்பாக்களும் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்தவர்கள். பிள்ளைகள் படித்தது மராத்தி ஸ்கூலில். பேச்சுத் தமிழ் வாயில் தங்கிவிட்டது. எழுத்துத் தமிழ், கடைப் பெயர்ப்பலகை படிக்கிற அளவுக்குத்தான்.

அந்தச் சனிக்கிழமை காலை கலியன் கையில் எடுத்துவந்த லேப்டாப் வாடிக்கையாளருடையது அல்ல. அவன் மனைவி வேதநாயகியின் முதல் கணவனுடையது.

அந்த மனிதனின் பெயர் ராஜா. லோஹேகாவ் விமானப்படைத் தளத்தில் டெக்னீஷியனாக இருந்தவன். நகர் ரோட்டில் ஒரு லாரி அவன் பைக்கை அடித்துவிட்டுப் போய்விட்டது. வேதநாயகி சில வருடம் தனியாக இருந்து, நிக்டியில் ஒரு ஸ்கூலில் டீச்சராகச் சேர்ந்து, பிறகு கலியனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அதற்கும் இரண்டு வருடமாகிறது.

இந்த இரண்டு வருடத்தில் அவள் ராஜாவைப் பற்றி வாயைத் திறந்ததில்லை. கோபமாகவோ அழுதுகொண்டோ பேசியிருந்தால்கூடக் கலியனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பேசாததுதான் அவனைக் குடைந்தது. உயிரோடு இருக்கிறவன் என்றால் ஒருநாள் வழுக்கை விழும், தொப்பை போடும், பால்காரனிடம் சண்டை பிடிப்பான். செத்தவனுக்கு அதெல்லாம் கிடையாது. அவன் யூனிஃபார்மில் நிமிர்ந்து நின்றபடியே இருப்பான். கலியனுக்கு ஏற்கனவே முன்மண்டை பளபளக்க ஆரம்பித்திருந்தது.

காலையில் வேதநாயகி கட்டில் பெட்டிக்குள்ளிருந்து அந்த லேப்டாப்பை எடுத்தாள். பழைய துப்பட்டா ஒன்றில் சுற்றி வைத்திருந்தாள்.

"ஆன் ஆகுது. ஆனா பாதியில அப்படியே நின்னுடுது. ஹார்ட் டிஸ்க்தான் கெட்டுப்போச்சான்னு டெஸ்ட் பண்ணிப் பாருங்களேன். உள்ள இருக்கறது எனக்கு வேணும்."

"உள்ள இன்னா இருக்கு?"

"எல்லாந்தான்" என்றபடி அவள் பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள்.

எல்லாந்தான். அந்த ஒரு வார்த்தை அவனோடு கடை வரைக்கும் வந்தது.

லேப்டாப்பின் அடிப்பலகையைக் கழற்றி டிஸ்க்கை வெளியே எடுத்து, தன் கம்ப்யூட்டரோடு இணைத்தான். டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் மென்பொருளைத் திறந்தான். நல்ல டிஸ்க்குக்கு நீல நிறம் காட்டும். இதற்கு மஞ்சள் காட்டியது. உள்ளே சில இடங்கள் ஏற்கனவே கெட்டுவிட்டன, இன்னும் சில கெடப்போகின்றன என்று அர்த்தம்.

இர்பான் எட்டிப் பார்த்தான். "மஞ்சளா? யாருதுடா?"

"வேதாவோடது. பழசு."

"அப்ப மொதல்ல காப்பி எடுத்துடு. டெஸ்டெல்லாம் அப்புறம் வச்சிக்க."

"தெரியும்டா. எனக்கே சொல்லித் தரியா?"

கலியனுக்கு அது நன்றாகவே தெரியும். இப்படிப்பட்ட டிஸ்க்கை முதலில் காப்பி எடுக்க வேண்டும், கெட்ட இடங்களைத் தொடாமல் தாண்டி. முழுச் சோதனை என்பது டிஸ்க்கின் ஒவ்வொரு மூலையையும் படிக்க வைப்பது. கெட்ட இடத்தில் முட்டி முட்டித் திரும்பத் திரும்பப் படிக்கும். மூச்சு வாங்குகிறவனை மாடி ஏறி இறங்கச் சொல்லி நெஞ்சைச் சோதிப்பது மாதிரி. எத்தனையோ பேரிடம் இதைச் சொல்லி எச்சரித்திருக்கிறான்.

இர்பான் டிஸ்ப்ளே வாங்கப் பிம்ப்ரிக்குக் கிளம்பினான். கலியன் தனியாக உட்கார்ந்து திரையைப் பார்த்தான். காப்பி எடுக்கும் மென்பொருள் ஒரு பக்கம், சோதனை மென்பொருள் ஒரு பக்கம்.

கல்யாணப் படங்கள் இருக்கும். ஹனிமூனுக்குப் போய் மஹாபலேஷ்வர் மலையில் எடுத்தது இருக்கும். ராஜாவின் குரல் இருக்கும். வேதா, வேதா என்று கூப்பிட்டிருப்பான். நான் கூப்பிடும்போது அவளுக்கு அந்தக் குரல்தான் காதில் விழுகிறதோ என்னவோ.

டெஸ்ட் பண்ணச் சொன்னது அவள்தானே என்று தனக்கே சொல்லிக்கொண்டு முழுச் சோதனையை ஓடவிட்டான்.

திரையில் குட்டிக் குட்டிக் கட்டங்கள் நிரம்ப ஆரம்பித்தன. முதலில் பச்சை. வரிசை வரிசையாகப் பச்சை. பிறகு ஓர் ஆரஞ்சு. பிறகு முதல் சிவப்பு. டிஸ்க்கிலிருந்து 'டிக்' என்று சத்தம் வந்தது.

அது கல்யாணப் படமாக இருக்கட்டும் என்று கலியன் நினைத்தான்.

இன்னொரு சிவப்பு. அது மஹாபலேஷ்வர். நாலைந்து சிவப்புகள் சேர்ந்தாற்போல் விழுந்தன. ஒவ்வொன்றுக்கும் அவன் மனதுக்குள் ஏதோ இனித்தது. அந்த இனிப்பு அவனுக்கே அருவருப்பாகவும் இருந்தது. ஆனாலும் நிறுத்தக் கை நீளவில்லை.

"பாவ், மாஜா லேப்டாப் ஜாலா கா?" என்று வாசலில் ஒரு வாடிக்கையாளர் தன் லேப்டாப் தயாரா என மராத்தியில் கேட்டார்.

"உத்யா யா" என்று திரும்பிப் பார்க்காமலே நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினான்.

சனிக்கிழமை ஸ்கூல் அரை நாள். மதியம் வேதநாயகி ஆட்டோவிலிருந்து இறங்கி நேராகக் கடைக்கு வந்தாள். அவள் வருவாள் என்று கலியன் எதிர்பார்க்கவில்லை. கைப்பையை மேஜைமேல் வைத்துவிட்டுத் திரையைக் குனிந்து பார்த்தாள்.

"இதுவா? இந்தப் பச்சையெல்லாம் என்ன?"

"நல்லா இருக்கற எடம்."

"சிவப்பு?"

"போன எடம்."

அவள் விரலால் சிவப்புகளைத் தொட்டுக்கொண்டே போனாள். அதற்குள்ளேயே இன்னும் ஒன்று விழுந்தது. டிக்.

"சத்தம் வருதே. இப்படி டெஸ்ட் பண்றதுல டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகாதில்ல?"

கலியன் வாய் திறப்பதற்குள் இர்பான் பிம்ப்ரியிலிருந்து திரும்பி உள்ளே வந்தான். "வாங்க பாபி" என்று அண்ணி முறையில் வரவேற்றவன் திரையைப் பார்த்ததும் நின்றான். "காப்பி எடுத்துட்டுத்தானே இத ஓட்ற?"

இர்பான் கலியனின் முகத்தைப் பார்த்தான். பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. "டீ சொல்லிட்டு வரேன்" என்று வெளியே நழுவினான்.

கலியன் சோதனையை நிறுத்தினான்.

"காப்பி எடுக்கல" என்றான்.

"எடுக்கணுமா?"

"மொதல்ல அதத்தான் செய்யணும். இத ஓட்டுனா இருக்கறதும் கெட்டுப்போவும்."

"மறந்துட்டீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். அவள் கண்ணில் சந்தேகமே இல்லாததுதான் அவனைச் சொல்ல வைத்தது.

"இல்ல. தெரிஞ்சேதான் செஞ்சேன்."

"ஏன்?"

"உள்ள அவன் இருக்கான்ல."

வேதநாயகி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அவள் குரல் ஏறவில்லை. "நம்ம காலனிப் பொங்கல் விழாவுக்கு நாடகம் போடச் சொல்லி என்னைக் கேட்டிருக்காங்க. லோஹேகாவ்ல இருந்தப்ப நான் ஒரு நாடகம் எழுதினேன். அதோட வீடியோ அதுல இருக்கு. அதுக்குத்தான் கேட்டேன். எதுக்கு வேணும்னு நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அவள் ஆட்டோ பிடிக்கவில்லை. நடந்தே போனாள்.

கலியன் சாப்பிடாமல் காப்பி எடுக்க ஆரம்பித்தான். டிஸ்க் சூடாகிவிட்டிருந்தது. கொஞ்ச நேரம் ஆறவிட்டு, கொஞ்சம் எடுத்து, மறுபடி ஆறவிட்டு, அந்த மதியமும் ஞாயிறும் அதிலேயே போயின. இர்பான் தன் பக்கத்து ஃபேனைத் திருப்பி டிஸ்க்கைப் பார்த்து வைத்தான். திட்டவில்லை. "நானும் ஒருத்தி மேல பைத்தியமா இருந்தப்ப அவ அண்ணனயே மொறச்சிருக்கேன்" என்று மட்டும் சொன்னான்.

ஞாயிறு மாலை, காப்பியாகி வந்ததைக் கலியன் திறந்து பார்த்தான். கல்யாணப் படங்கள் ஒரு கைப்பிடிதான் இருந்தன. மஹாபலேஷ்வர் இல்லவே இல்லை. கரண்ட் பில்கள், கிரிக்கெட் வீடியோக்கள், யாரோ ஒருவரின் காதுகுத்து. ராஜா குள்ளமாக இருந்தான். அதை அவன் எதிர்பார்க்கவில்லை.

பிறகு அந்த நாடகம். மேடையில் காக்கிச் சட்டை போட்டு, மையால் மீசை வரைந்து, லத்தியைச் சுழற்றிக்கொண்டு ஓர் இன்ஸ்பெக்டர் வந்தார். வேதநாயகி. அடித்தொண்டையில் அதட்டினாள். கோணி மூட்டையோடு நின்ற திருடன் ராஜா. இன்ஸ்பெக்டர் ஏதோ கேட்டார், திருடன் விழித்தான். இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு பீறிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து, மீசை கன்னமெல்லாம் ஈஷிக்கொள்ள, நிமிர முடியாமல் சிரித்தாள். அந்த இடத்தில் படம் உறைந்து நின்றது. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை.

சோதனை ஓட்டாமல் இருந்திருந்தால் மீதியும் கிடைத்திருக்குமா, அல்லது முன்பே போயிருந்ததா, அது யாருக்கும் தெரியாது. கலியனுக்கும் தெரியாது.

அவன் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தான். இதுவரை ராஜாவுக்குக் கிடைத்த பெண் தனக்கும் கிடைத்தாள் என்றுதான் நினைத்திருந்தான். இந்தப் பெண்ணை அவன் பார்த்ததே இல்லை. தன் வீட்டில் இருப்பவள் சாம்பாரில் உப்பு சரியா என்று கேட்கிறவள், வாயை மூடிப் புன்னகைக்கிறவள். பொறாமை குறையவில்லை. முன்பு புகைப்படங்கள்மேல் இருந்தது, இப்போது ஒரு சிரிப்பின்மேல் வந்து உட்கார்ந்தது.

வீட்டுக்குப் போய் அவளிடம் காட்டினான். படம் உறைந்ததும் அவள் கேட்டாள்: "மீதி?"

"கெடைக்கல. மன்னிச்சிடு வேதா."

"எழுதின தாளையெல்லாம் வீடு காலி பண்ணப்ப தூக்கிப் போட்டுட்டேன். வீடியோல இருக்கேங்கற தைரியம்."

அதற்குப் பிறகு சில நாள் அவள் தானாகப் பேச்செடுக்கவில்லை. தட்டு வைத்தாள், குழம்பு ஊற்றினாள், எழுந்து போனாள். கலியன் மன்னிப்புக் கேட்கும்போதெல்லாம், "கேட்டுட்டீங்கல்ல, போதும்" என்றாள்.

ஒரு மாலை கடையிலிருந்து வந்தபோது அவள் தாள்களைப் பரப்பிக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்: "இங்க உக்காருங்க. ஞாபகம் வந்த வரைக்கும் எழுதிட்டேன். திருடன் பேசறத நீங்க படிங்க. காதுல விழுந்தாத்தான் மிச்சம் வரும்."

"எனக்குத் தமிழ் படிக்க வராதே."

"எழுத்துக் கூட்டிப் படிங்க. அழிச்சது நீங்கதானே."

அவன் உட்கார்ந்தான். "ஐ... ஐயா, நான் ஆட்டை... திருடல. ஆடுதான் என்னை... இழுத்து..."

"இழுத்துக்கிட்டு வந்துச்சு. ம், மேல."

வியர்த்தது. ராஜா இதையெல்லாம் எப்படிப் பொழிந்து தள்ளியிருப்பான் என்று நினைத்துக்கொண்டான். கேட்கவும் கேட்டுவிட்டான். "அவரு நல்லா பண்ணாருல்ல?"

பேனா நின்றது. வேதநாயகி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவரா? மேடையேறினதும் ஒரு வரி ஞாபகமில்ல அவருக்கு. ஒரு மாசமா ராத்திரி பகலா சொல்லிக் கொடுத்தேன். அந்த இடத்துல அவர் முழிச்ச முழியப் பாத்துத்தான் நான் சிரிச்சேன். வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் என்கூடப் பேசல. ரொம்ப ரோஷக்காரர்." சற்று நிறுத்தி, "நல்லவர்" என்றாள்.

ராஜாவைப் பற்றி அவள் பேசியது அதுதான் முதல் தடவை. அதன்பின் நாடகம் எழுதும்போதெல்லாம் நடுநடுவே அவன் வந்து போனான். அவனுக்குப் பாகற்காய் பிடிக்காது, பல்லி என்றால் பயம். கலியன் கேட்டுக்கொண்டான். சில நாள் சுலபமாக இருந்தது, சில நாள் இல்லை.

நாடகம் அநேகமாக முழுதாகத் திரும்பி வந்தது. பழைய முடிவு அவளுக்கு ஞாபகம் வரவில்லை. புதிதாக ஒன்று எழுதினாள். ஆனால் திருடன் வேஷத்துக்குக் கலியன் சரிப்படவில்லை. "நீங்க வாக்கியத்த முடிக்கறதுக்குள்ள ஜனம் எழுந்து போயிடும்" என்று சொல்லிவிட்டு இர்பானைக் கூப்பிட்டாள். ஒரு தடவை காதால் கேட்டால் அவனுக்கு மனப்பாடம்.

பொங்கல் விழா மேடையில் இன்ஸ்பெக்டர் மீசையோடு வந்ததும் காலனி அதிர்ந்தது. இர்பான் மூட்டையைத் தூக்கமுடியாமல் தள்ளாடி எழுதாத ஒரு வசனத்தைச் சேர்த்துச் சொன்னான். வேதநாயகி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அதே சிரிப்பு. கலியன் முதல் வரிசையில் கைதட்டிக்கொண்டிருந்தான். கைதட்டிக்கொண்டே இர்பானை முறைத்தான்.

வீட்டுக்குத் திரும்பும் ஆட்டோவில் அவள் கைக்குட்டையால் மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளேயே வைத்துப் புழுங்க அவனால் முடியவில்லை.

"இர்பான் அப்படி இன்னா பெரிய ஜோக் அடிச்சிட்டான்? அவ்ளோ சிரிக்கற?"

அவள் கை அப்படியே நின்றது. அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"செத்தவர் மேலயும் பொறாமை, உயிரோட இருக்கறவன் மேலயும் பொறாமை. உங்களுக்கு ஒரு வித்தியாசமும் கிடையாதா?"

"கெடையாது" என்றான் கலியன், நிஜமாகவே யோசித்துவிட்டு.

அவன் சொன்ன விதத்தில் அவளுக்கு என்ன தோன்றியதோ. முதலில் தோள் குலுங்கியது. பிறகு அடக்கமுடியாமல், பாதி மீசையோடு, முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "காய் ஜால பாவ்?" என்று கேட்டார். என்ன ஆயிற்று என்று கேட்டவருக்கு, சிரிக்க வைத்தது நான்தான் என்பதுபோல் கலியன் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான்.