கணவர் பெயர் என்ற இடத்தில்

என் மகள் பூங்குழலிக்குத் தலைப்பிரசவம். அவள் மாலத்தீவில் டீச்சர், நான் கொல்லிமலையில் மிளகுக்கொடிக்கு நடுவில். அவளுக்கு மாமியார் இல்லை. மாப்பிள்ளைக்கு வேறொரு தீவில் வேலை. நான் போகாவிட்டால் பிறக்கிற பிள்ளையைக் கையில் வாங்க அங்கே ஒரு சொந்தமும் கிடையாது.

"மாலத்தீவுக்கு முன்னாடியே விசா எடுக்க வேண்டியதில்லீங்க அக்கா," என்றார் அப்பாஸ் அலி பாய். காளப்பநாயக்கன்பட்டியில் கடை வைத்து எங்கள் மிளகை வாங்குகிறவர். அவர் சொந்தத்தில் பாதிப்பேர் வெளிநாட்டில் இருப்பதால் இதெல்லாம் அவருக்குத் தெரியும். "எறங்குன எடத்துலயே குத்திக் குடுத்துருவாங்க. பாஸ்போர்ட் வேணும், திரும்பி வர டிக்கெட் வேணும், எங்க தங்குறீங்கன்னு சொல்லணும். அவ்வளவுதாங்க."

அவ்வளவுதான் என்றவர், என் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் கணவர் பெயர் என்ற இடத்தில் சின்னுசாமி என்று எழுதி வைத்திருந்தார். எழுத்துக்கூட்டிப் படித்ததும் எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

சின்னுசாமி என் முதல் புருஷன். குடித்துவிட்டு வந்து கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பான். பூங்குழலி பால் மறக்கும் முன்பே அவன் வேண்டாமென்று வந்துவிட்டேன். எங்கள் மலையில் இது அதிசயமில்லை. ஊர் கூடிப் பேசியது, என்னைக் கட்டிக்கொள்ள முன்வந்த கருப்பண்ணன், சின்னுசாமி எனக்காகக் கொடுத்திருந்த பரியப் பணத்தைத் திருப்பி வைத்தார், நான் அவர் வீட்டுக்குப் போனேன். பிள்ளை மட்டும் முதல் அப்பன் பேரில்தான் இருக்கவேண்டும் என்பது வழக்கம். அதனால் பள்ளிக்கூடத்திலிருந்து பாஸ்போர்ட் வரைக்கும் என் மகளுக்கு அப்பா சின்னுசாமி. காய்ச்சலில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மலையிறங்கி ஓடியதும், ஹாஸ்டல் வாசலில் அழுதுகொண்டு நின்றதும் கருப்பண்ணன்.

"அடிச்சுட்டு மாத்தி எழுதுங்க பாய்," என்றேன்.

"அக்கா, பொண்ணு ஊட்லதான தங்கப் போறீங்க? அந்தப் பொண்ணு பாஸ்போர்ட்ல அப்பா பேரு சின்னுசாமி. உங்களுதுல புருஷன் பேரு கருப்பண்ணன். அங்க ஆபீசர் ரெண்டையும் வெச்சுப் பார்த்தா, நீங்க அம்மாவே இல்லீம்பாங்க. வந்த பிளேன்லயே திருப்பி ஏத்தி உட்டாலும் உடுவாங்க."

"உடட்டும். அவன் பேரைச் சுமந்துக்கிட்டு நான் கடல் தாண்ட மாட்டேன்."

பாய் நல்ல மனுஷன். தலையில் அடித்துக்கொண்டாலும் புது விண்ணப்பம் வாங்கி, கருப்பண்ணன் என்றே எழுதினார்.

அன்று சாயங்காலமே பூங்குழலி போன் பண்ணினாள். பாய் சொல்லியிருப்பார்.

"அம்மா, முன்ன எழுதுன மாதிரியே இருக்கட்டும்மா. இங்க என் கூட இருக்கறவங்க எல்லாம் நம்ம தமிழ்நாட்டு டீச்சருங்க. எங்கம்மா ரெண்டாவது கட்டிக்கிட்டவங்கன்னு அவங்ககிட்ட எப்படிம்மா சொல்லுவேன்?"

பாய் பயந்தது எனக்கு உறைக்கவில்லை. இது உறைத்தது.

"வெக்கமா இருந்தா சொல்லு சாமி, நான் வரலீ. வந்தா கருப்பண்ணன் பொண்டாட்டியாத்தான் வருவேன்."

அவள் போனை வைத்துவிட்டாள். ஆனால் டிக்கெட் வந்தது.

திருவனந்தபுரம் போய் விமானம் ஏறினேன். கருப்பண்ணன் ரயிலடி வரை வந்து, "கோவத்த அங்க காட்டாத," என்று மட்டும் சொன்னார். மாலத்தீவில் இறங்கியதும் வரிசை. கவுண்டரில் இருந்த இளவட்ட ஆபீசர் இங்கிலீஷில் கேட்டதற்கெல்லாம் நான் மகளின் விலாசச் சீட்டைக் காட்டினேன். அவர் யாரிடமோ சொல்லி, வெளியே காத்திருந்த பூங்குழலியை உள்ளே கூட்டிவரச் சொன்னார். நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கட்டிக்கொள்ளக்கூட விடவில்லை. இரண்டு பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பாய் சொன்னது அச்சுப் பிசகாமல் நடந்தது.

"ரெண்டுல எந்தப் பேரு சரின்னு கேக்கறாரும்மா," என்றாள் மகள்.

"ரெண்டும் சரின்னு சொல்லு. மொதல்ல கட்டுனவன் அடிச்சான், நான் உட்டுட்டு வந்துட்டேன். அப்புறம் ஊரறியக் கருப்பண்ணனைக் கட்டிக்கிட்டேன். பேருதான் அவன் குடுத்தது, வளத்துனது இவருன்னு சொல்லு."

அவள் குனிந்தபடி ஏதோ இரண்டு வார்த்தை சொன்னாள்.

"நான் இத்தன பேசுனேன், நீ அத்தனூண்டு சொல்ற? எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனா அளவு தெரியும். முழுசாச் சொல்லு கண்ணு. இல்லீன்னா நான் இப்படியே திரும்பிப் போறேன்."

வரிசையில் நின்றவர்கள் எல்லாம் எங்களைப் பார்த்தார்கள். பூங்குழலி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பேசினாள். மெதுவாகத் தொடங்கியவள் போகப் போகச் சத்தமாகவே பேசினாள். நடுவில் கருப்பண்ணன் என்ற பெயர் இரண்டு தரம் என் காதில் விழுந்தது.

ஆபீசர் சிரித்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது.

"என்ன இளிப்பு அவனுக்கு?"

"அவங்க அம்மா நாலு தடவை கல்யாணம் பண்ணவங்களாம்மா," என்றாள் பூங்குழலி. அவளுக்கே நம்பிக்கையில்லாத குரல். "நீங்க ரெண்டுதானான்னு கேக்கறாரு."

முத்திரை விழுந்தது. கண்ணாடிக் கதவைத் தாண்டி வெளியே வந்தோம். அங்கே அவளோடு வேலை செய்கிற தமிழ் டீச்சர் ஒருத்தி துணைக்கு நின்றிருந்தாள். உள்ளே நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது.

"வாங்கம்மா. ஏன் பூங்குழலி, அப்பா வரலையா?"

மகள் என்னைப் பார்த்தாள். வாய் வரை வந்ததை நான் அடக்கிக்கொண்டேன். இதை அவள்தான் சொல்லவேண்டும்.

"என் பாஸ்போர்ட்ல இருக்கற சின்னுசாமியைக் கேக்கறீங்களா? அவரை எங்கம்மா எப்பவோ வேண்டாம்னு உட்டுட்டாங்க," என்றாள் பூங்குழலி. "எங்கப்பா பேரு கருப்பண்ணன். கொழந்த பொறந்ததும் மொத போன் அவருக்குத்தான்."