வேலியை நோக்கி ஓடிய காளை

அடுப்பில் ஸ்ட்ராபெரி ஜாம் கொதித்துக்கொண்டிருக்க, மார்லிஸ் டிட்மர் சமையலறை மேசையில் கணினியை வைத்துக்கொண்டு கழகத்தின் கோடைச் செய்திகளைத் தட்டிக்கொண்டிருந்தாள். வாக்கர் க்ரீக் இளம் உழவர் கழகத்துக்கு அவள்தான் தலைவி. ஜூன் இரண்டாம் வாரம் ரொட்டி சுடும் பயிற்சி. ஜூலை 4 சுதந்திர தின ஊர்வலத்தில் போகும் டிராக்டர் வண்டிக்குக் காகிதப் பூ செய்ய ஆள் தேவை. கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டப் போகிறவர்கள் தொப்பி கொண்டுவரவும். முயல் வளர்ப்பவர்கள் வெயிலில் கூண்டை வைக்க வேண்டாம். கடைசியாக, ஜூலைக் கடைசியில் வரும் மாவட்டக் கால்நடைக் கண்காட்சி. அதற்கு மட்டும் எழுத்தைத் தடிமனாக்கினாள்.

'கண்காட்சிக்குக் கொண்டுவரும் கால்நடையை உறுப்பினர்களே வளர்த்திருக்க வேண்டும். கழுவுவது, சீவுவது எல்லாம் அவர்களே. பெற்றோர் கொட்டகையில் நின்று வேடிக்கை பார்க்கலாம். கை வைக்கக் கூடாது.'

முற்றுப்புள்ளி வைத்த கையோடு போன் அடித்தது. மறுமுனையில் டிராய். பக்கத்து ஊரில் குளிரூட்டிய கொட்டகை வைத்து, பெரிய வீட்டுப் பிள்ளைகளின் மாடுகளை வளர்த்துக் கொடுக்கிற ஆள்.

"உங்க காளை டியூக் சூப்பரா இருக்கான்க்கா. முடி ரெண்டு விரல் அளவு வளந்துடுச்சு. கண்காட்சிக்கு முந்தின நாள் கத்தரி போட்டேன்னா, இல்லாத சதைகூட இருக்கிற மாதிரி தெரியும்."

"யார்கிட்டயும் வாயத் தொறக்காதே டிராய். அன்னிக்கு நீ என் பொண்ணு பக்கத்துலயே வரக் கூடாது, ஆமா."

ஊருக்கு உபதேசம் எழுதிய விரல்கள்தான் அந்தப் போனையும் பிடித்திருந்தன. ஜாம் அடிப்பிடித்தது. அதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

மார்லிஸ் கெட்டவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஊரில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் சாப்பாட்டுத் தட்டோடு போய் நிற்பவள் அவள்தான். ஆனால் கண்காட்சி மண்டபத்தின் சுவரில் ஒரு பலகை உண்டு. வருடா வருடம் சாம்பியன் காளையைக் கொண்டுவந்த பிள்ளையின் பெயரை அதில் பொறிப்பார்கள். ஹால்வர்சன் குடும்பத்துப் பெயர் அதில் ஏணிப்படி மாதிரி வரிசையாக இருக்கும். டிட்மர் என்ற பெயர் மருந்துக்கும் கிடையாது. மார்லிஸ் சிறுமியாக இருந்தபோது ஓட்டிவந்த காளையும் தோற்றது. மகள் கென்ட்ரா ஓட்டிவந்த காளைகளும் தோற்றன. போன வருடம் பழப் பலகாரம் விற்கும் கூடாரத்தில் பாட்ரிஸ் ஹால்வர்சன் பத்துப் பேர் காதில் விழச் சொன்னாள்: "டிட்மர் வீட்டுப் பிள்ளைங்க வருஷம் தவறாம கலந்துக்குவாங்க, பாவம்." அந்தப் 'பாவம்' மார்லிஸுக்கு நெஞ்சில் தைத்த முள். அதை எடுக்கத்தான் அவள் டியூக்கை வாங்கினாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு கென்ட்ரா உள்ளே வந்தாள். வயது பதினாறு. பூட்ஸில் சாணி, தலையில் வைக்கோல். போன வருடம் அவர்கள் வீட்டுப் பசு இரட்டைக் கன்று ஈன்றபோது, தாய் ஒதுக்கித் தள்ளிய காளைக்கன்றைப் புட்டிப்பால் கொடுத்து அவள்தான் வளர்த்தாள். அதற்கு பிஸ்கட் என்று பெயர். சிவப்பு நிறம், ஒட்டிய விலா, எப்போதும் பசி.

"அம்மா, நான் பிஸ்கட்டயே ஓட்டிட்டுப் போறேன்மா. டியூக் எனக்கு வேணாம்."

"பிஸ்கட்டா? அத ஓட்டிட்டுப் போனா ஜனங்க பாவப்பட்டு நமக்கு நன்கொடை வசூல் பண்ணுவாங்கடி."

"டியூக்க நான் தொட்டதுகூட இல்ல. போன தடவ போனப்போ, 'தொடாதம்மா, முடி கலைஞ்சிடும்'னு டிராய் அண்ணன் சொல்லிட்டாரு. தொடாத மாட்ட 'நான் வளத்தேன்'னு சொல்லணுமா?"

"எல்லாரும் சொல்றதுதானே? ஹால்வர்சன் பையன் என்ன, தினமும் சாணி அள்ளுறானா? அவன் மாடும் டிராயோட ஏசி கொட்டகையிலதான் நிக்குது!"

மேசை ஓரத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்த கணவன் வெர்ன் நிமிர்ந்தான். "மாட்டுக்கு ஏசி, எனக்கு வெயிலு. குடுத்து வச்ச மாடுங்க" என்று சொல்லிவிட்டு மக்காச்சோளக் காட்டுப் பக்கம் நடையைக் கட்டினான். வீட்டில் சண்டை வந்தால் அவனுக்குக் காட்டில் வேலை வந்துவிடும்.

கென்ட்ரா அம்மாவிடம் தோற்றாள். ஆனால் கண்காட்சிப் பதிவுக்காக இரண்டு காளைகளுக்கும் வசந்தத்திலேயே காதில் அடையாள வில்லை மாட்டி, மையில் மூக்கை ஒற்றி மூக்கு ரேகையும் எடுத்திருந்தார்கள். மனிதனுக்குக் கைரேகை போல மாட்டுக்கு மூக்கு ரேகை. ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. அதனால் பிஸ்கட்டும் கண்காட்சிக்கு வரலாம், கொட்டகையில் சும்மா நிற்கட்டும் என்று மார்லிஸ் ஒப்புக்கொண்டாள். அந்த மட்டில் அவளுக்குப் பெரிய மனசு.

கண்காட்சி நாளும் வந்தது. வெயில் தகரக் கூரையைப் பிளந்தது. மின்விசிறிகளின் இரைச்சல், வறுத்த பன்றிக்கறி வாசனை, எலுமிச்சைச் சாற்றுக்கு நீண்ட வரிசை. மாடுகளை நடத்திக்காட்டும் களத்தில் மரத்தூள் பரப்பி, சுற்றிலும் இரும்பு வேலி போட்டிருந்தார்கள். டியூக் உள்ளே வந்ததும் பெஞ்சுகளில் இருந்தவர்கள் 'ஓ' என்றார்கள். கரிய மலை நடந்து வருவது போலிருந்தது. எடைப்பிரிவுச் சுற்றில் அதற்கே முதலிடம். இனி எல்லாப் பிரிவுகளிலும் முதலிடம் பெற்ற காளைகள் மோதும் கடைசிச் சுற்று. மார்லிஸ் மனதுக்குள் பலகையில் பெயர் பொறித்தே முடித்துவிட்டாள்.

அப்போதுதான் அவள் கண்ணில் அது பட்டது. டியூக்கின் வால் குஞ்சம் ஒரு பக்கமாகச் சப்பையாகிக் கிடந்தது. வேறு யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் சாம்பியன் கனவு கண்டவளுக்கு அது மலை சரிந்தது போலத் தெரிந்தது. இரண்டு மாதமாக 'கிட்டே வராதே' என்று சொல்லி வைத்திருந்தவளே இப்போது போன் போட்டாள்.

"டிராய், சீப்போட வேலிகிட்ட வா. அவ இந்தப் பக்கம் திரும்புறப்போ ஒரே ஒரு இழுப்பு, அவ்வளவுதான்."

டிராய் வந்தான். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, பழக்க தோஷத்தில், கொட்டகையில் தீனி வைக்கும்போது கொடுக்கிற மாதிரி நாக்கால் ஒரு 'டொக்' கொடுத்தான்.

அவ்வளவுதான். டியூக்கின் காது விறைத்தது, தலை திரும்பியது. அடுத்த நொடி அது கென்ட்ராவை மரத்தூளில் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடி, வேலிக்கு மேலே முகத்தை நீட்டி, டிராயின் சட்டைப்பையில் மூக்கை நுழைத்தது. சீவலும் சிங்காரமும் செய்து மனிதனை ஏமாற்றலாம். தினமும் தீனி வைத்த கையை மாடு மறக்குமா?

ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் சும்மா இருக்கவில்லை. "ஆஹா! பையன் அப்பாவக் கண்டுட்டான் போலிருக்கே!"

அரங்கம் சிரித்தது. மார்லிஸின் முகம் மட்டும் வெந்த பீட்ரூட் ஆனது.

வெளி மாநிலத்திலிருந்து வந்த நடுவர், நெட்டையான மனிதர், மெல்ல நடந்து வந்தார். கென்ட்ரா எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"இவர் யாரும்மா?"

வேலிக்கு வெளியே இருந்து மார்லிஸ் முந்திக்கொண்டாள். "அவளோட மாமா சார்! அடிக்கடி வீட்டுக்கு வருவாரு, அதான் மாட்டுக்குப் பழக்கம்!" முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் அவசரம் அந்தக் குரலில் இருந்தது.

"நான் இந்தப் பொண்ணக் கேட்டேம்மா" என்றார் நடுவர்.

கென்ட்ரா அம்மாவைப் பார்த்தாள். 'மாமா' என்ற ஒரே சொல் போதும். சாம்பியன் பட்டம், பலகையில் பெயர், பாட்ரிஸின் வாய் அடைப்பு எல்லாம் அந்தச் சொல்லுக்குப் பின்னால் காத்திருந்தன. அம்மாவின் கண்களில் இருந்த கெஞ்சலும் அவளுக்குத் தெரிந்தது. அவளுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. கோபம் முந்திக்கொண்டது.

"எனக்கு மாமா கிடையாது சார். இவரு டிராய். இந்த மாட்ட இவருதான் வளத்தாரு. இது என்ன தின்னும்னுகூட எனக்குத் தெரியாது. நான் கயிறப் பிடிச்சு நடக்க வந்தவ, அவ்வளவுதான்."

"இப்படிச் சொன்னா நீ இந்தப் போட்டியிலேருந்து வெளியம்மா."

"தெரியும் சார்." கயிற்றை வேலிக்கு மேலே டிராயின் கையில் திணித்தாள். "இந்தாங்கண்ணே, உங்க புள்ள. பத்திரமாப் பாத்துக்கோங்க." தலை நிமிர்ந்து களத்தை விட்டு நடந்தாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

சாம்பியன் பட்டம் வழக்கம்போல பாட்ரிஸின் மகனான ஹால்வர்சன் பையனுக்குப் போனது. அவன் அதை வாங்கும்போது தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்தது மாட்டை ஓட்டிக்காட்டும் திறமைப் போட்டி. அது தனிப் போட்டி என்பதால் கென்ட்ராவுக்குத் தடை இல்லை. இதில் மாட்டுக்கு மதிப்பெண் கிடையாது, ஓட்டுகிற பிள்ளைக்குத்தான். வரிசையின் கடைசியில் ஒட்டிய விலாவோடு, வயிற்றில் வைக்கோல் ஒட்டிக்கொண்டு, பிஸ்கட் வந்தது. கயிறு கென்ட்ராவின் கையில் தொய்வாக இருந்தது. அவள் நின்றால் அது நின்றது, நடந்தால் நடந்தது.

நடுவர் அவளிடம் வந்து நின்றார். "இவன்கிட்ட என்ன குறை?"

"எதச் சொல்ல, எத விட? முதுகு சரிவு, விலா ஒட்டல், பின்னங்கால் ரொம்ப நேரா நிக்குது. ரெட்டைக் கன்னுல ஒண்ணு சார். தாய் உதைச்சுத் தள்ளிடுச்சு."

"பயந்தா என்ன செய்வான்?"

"இடி இடிச்சா என் தோள்மேல தாடைய வச்சுக்குவான். நான் பாட்டுப் பாடணும். என் பாட்டுக்கு இடியே தேவலாம்னு அப்பா சொல்வாரு, ஆனா இவனுக்குப் பிடிக்கும்."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த மார்லிஸ் அதைக் கேட்டாள். இடி இடித்த எத்தனையோ பொழுதுகள், சமையலறையிலிருந்து கூப்பிடு தூரத்தில், அவள் மகள் ஒரு கன்றுக்குட்டிக்குப் பாடிக்கொண்டிருந்திருக்கிறாள். தனக்கு அது தெரியவே தெரியாது. டியூக்கின் முடி எத்தனை விரல் அளவு என்று தெரியும். மகள் பாடுவாள் என்று தெரியாது. அவமானம் அப்போதுதான் உண்மையாகவே அவளைச் சுட்டது.

கென்ட்ரா திரும்பும்போது பிஸ்கட்டைத் தவறான பக்கம் திருப்பிவிட்டாள். நாலாவது இடம்தான் கிடைத்தது. ரிப்பனைத் தன் சட்டையில் குத்தாமல் பிஸ்கட்டின் கழுத்துக் கயிற்றில் செருகி, சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

நிறைவு விழாவுக்கு முன்னால், பலகாரக் கூடாரத்துக்குப் பின்புறம் பெற்றோர் கூட்டம் ஒன்று மார்லிஸை வளைத்தது. முன்னால் பாட்ரிஸ்.

"உன் பொண்ணு எங்க எல்லார் மூஞ்சியிலயும் சாணியப் பூசிட்டா. இப்ப கொட்டகை பூரா ஆளாளுக்கு 'உன் மாடு எங்க வளந்துச்சு'ன்னு கேக்குறாங்க. மேடையில அவ மன்னிப்புக் கேக்கணும். வெயில்ல தல சுத்திடுச்சு, உளறிட்டேன்னு சொல்லட்டும்."

"இல்லேன்னா?"

"இல்லேன்னா எங்க புள்ளைங்கள இந்தக் கழகத்துலேருந்து எடுத்துடுவோம். அப்புறம் நீ யாருக்குத் தலைவி? அந்த ஒட்டுன விலாவுக்கா?"

வெர்ன் மார்லிஸின் பக்கத்தில் வந்து நின்றான். இந்தத் தடவை காட்டில் வேலை இருப்பதாகச் சொல்லவில்லை. அவள் நேராக மேடைக்குப் போய், கழகச் செய்தி வாசிக்கும் நேரத்தில் மைக்கைப் பிடித்தாள்.

"ஒரு மன்னிப்பு பாக்கி இருக்குன்னு சொன்னாங்க. சரிதான். ஆனா கேக்க வேண்டியவ என் பொண்ணு இல்ல, நான். பெத்தவங்க கை வைக்கக் கூடாதுன்னு எழுதுனவளும் நான்தான், மாட்டையே வாங்கி வளக்கக் கொடுத்தவளும் நான்தான். எம் பொண்ணு தோத்துடக் கூடாதுன்னு நினைச்சேன். நிஜத்த சொல்லணும்னா, நான் தோத்துடக் கூடாதுன்னு நினைச்சேன். அவ பேர வச்சு நான் ஜெயிக்கப் பாத்தேன்."

பின்வரிசையில் கென்ட்ரா பிஸ்கட்டின் கயிற்றோடு நின்றிருந்தாள்.

"புள்ளைங்களோட தோல்விய நாம திருடுனா, அவங்க ஜெயத்தையும் சேத்துத் திருடுறோம். பாடம் படிக்கிறதுலயும் சரி, மாடு வளக்குறதுலயும் சரி, அது திருட்டுதான். அடுத்த வருஷத்துலேருந்து டிராய் கொட்டகையில வளந்த மாடு இந்தக் கழகத்துப் பேர்ல உள்ள வராது. போறவங்க போகலாம். எனக்கு ரெண்டே ரெண்டு புள்ளைங்க மிஞ்சுனாலும் ரொட்டி சுடக் கத்துக்கொடுப்பேன்."

முதலில் கை தட்டியது யார் என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஹால்வர்சன் பையன்.

பாட்ரிஸுக்கு அது பொறுக்கவில்லை. மேடைப்படியில் இறங்கி வந்த மார்லிஸின் வழியை மறித்தாள். "வாய் வீரம் பேசிட்டே. அடுத்த வருஷமும் உன் பொண்ணு கடைசி வரிசையிலதான் நிக்கப் போறா, பாத்துக்க!"

மார்லிஸ் நின்றாள். அவளைத் தாண்டி, தூரத்தில் மகளின் தோளில் தாடையை வைத்துக்கொண்டிருந்த அந்தச் சிவப்புக் காளையைப் பார்த்தாள்.

"நிக்கட்டும் பாட்ரிஸ். சொந்தக் கால்ல நிக்கட்டும்."